கட்டி என்றார்கள், எந்தக் கட்டி என்று கேட்டீர்களா?

போன மார்கழியில் பூம்பாறையிலிருந்து ஒரு பெண் பண்ணைக்காட்டில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார். 47 வயது. பூண்டு வயலில் கூலி வேலை. கையில் ஒரு துணிக்கடைப் பை, பைக்குள் ஒரே ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்.

"கர்ப்பப்பையில கட்டியாம் நர்சம்மா. எடுத்துரலாம்னு தேதி குடுத்துட்டாங்க. எடுத்துட்டா தொல்லை விட்டுச்சுல்ல?"

ரிப்போர்ட்டில் 3 சென்டிமீட்டர் நார்க்கட்டி என்று இருந்தது. ரத்தம் எப்படிப் படுகிறது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "மாசாமாசம் வர்றது சரியாத்தான் வருது. வீட்டுக்காரரோட சேர்ந்தா மறுநாள் கறை படுது. வெள்ளையும் நாத்தமாப் போகுது." யாராவது கருவி வைத்து உள்ளே பார்த்தார்களா என்றேன். இல்லை, ஸ்கேன் மட்டும்தான்.

கர்ப்பப்பைக்குள் இருக்கும் 3 சென்டிமீட்டர் நார்க்கட்டியால் அப்படிக் கறை படுவது அரிது. அந்தக் கறை வேறு இடத்திலிருந்து வருகிறது. அந்த இடத்தை யாரும் பார்க்காமலே அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

தாண்டிக்குடி, பாச்சலூர், மன்னவனூர் என்று இந்தப் பழனி மலையில் பல ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தைப் புரியும்படி எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. பெண் உறுப்புகளில் வரும் கட்டிக்கு அறுவை செய்யலாமா, எந்த அறுவை, எவ்வளவு பெரிய அறுவை என்பதெல்லாம் அது எந்த உறுப்பில் வந்த என்ன கட்டி என்பதைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்காமல் கத்தி வைக்கக் கூடாது.

முதலில் உறுப்புகளைத் தெரிந்துகொள்வோம். நம்ம கொடைக்கானல் பேரிக்காயைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஏறக்குறைய அதுதான் கர்ப்பப்பை. மேலே அகன்ற பாகம் உடல், கீழே குறுகிய முனை கர்ப்பப்பை வாய். அந்த வாய் பிறப்புறுப்புக்குள் எட்டிப் பார்த்தபடி இருக்கும். அதனால் ஒரு கருவியும் ஒரு டார்ச் வெளிச்சமும் இருந்தால் நேரிலேயே பார்த்துவிடலாம். பேரிக்காயின் இரு தோளிலிருந்தும் ஒவ்வொரு கருக்குழாய் கிளம்பும். அவற்றின் நுனியை ஒட்டி இரண்டு பக்கமும் சினைப்பைகள், பெரிய பட்டர் பீன்ஸ் விதையைவிடக் கொஞ்சம் பெரிதாக. கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. உள்ளே மாதாமாதம் வளர்ந்து உதிரும் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. தசை, உள்சவ்வு, வாய், சினைப்பை என்று ஒவ்வொன்றிலும் வேறு வேறு கட்டிகள் வரும். ஊரில் எல்லாவற்றுக்கும் 'கட்டி' என்ற ஒரே பெயர்தான். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது.

அதிகம் பேருக்கு வருவது தசையில் முளைக்கும் நார்க்கட்டி. ஸ்கேன் தாளில் 'ஃபைப்ராய்டு' என்று எழுதுவார்கள். இது புற்றுநோய் இல்லை. ஆயிரத்தில் ஒன்று இரண்டில்தான் கெட்ட கட்டி ஒளிந்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இருக்கும்வரை வளரும், மாதவிடாய் நின்றபின் தானாகச் சுருங்கும். நின்றபிறகும் ஒருவருக்கு நார்க்கட்டி வளர்ந்துகொண்டே போனால்தான் சந்தேகப்பட வேண்டும். பல பேருக்கு நார்க்கட்டி இருப்பதே தெரியாது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும். தொல்லை தராத நார்க்கட்டியை ஒன்றும் செய்யாமல், அவ்வப்போது பார்த்துவந்தாலே போதும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. 'கட்டியை வச்சுக்கிட்டு எப்படிம்மா சும்மா இருக்கிறது' என்பார்கள். சும்மா இருக்கலாம்.

தொல்லை தருமா என்பது அளவைவிட இடத்தைப் பொறுத்தது. வெளிப்புறமாகத் தொங்கும் கட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தாலும் பேசாமல் இருக்கும். உள்சவ்வை அழுத்தி உட்பக்கமாகத் துருத்தும் கட்டி நெல்லிக்காய் அளவிலேயே ரத்தத்தை ஆறாகக் கொட்டவைக்கும். பெரியவர்கள் பெரும்பாடு என்று சொன்னார்களே, அதற்கு இது ஒரு காரணம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 6 கிராமுக்கு இறங்கி, ஏற்றத்தில் நாலு அடி வைத்தால் மூச்சு வாங்கும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர்களுக்கும் கர்ப்பப்பையை எடுப்பதுதான் ஒரே வழி என்றில்லை. போக்கைக் குறைக்கும் மாத்திரை உண்டு. காப்பர்-டி போலவே உள்ளே பொருத்தும், ஆனால் ஹார்மோன் கசியவிடும் கருவி உண்டு. பிள்ளை வேண்டும் என்பவர்களுக்குக் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் தோண்டி எடுப்பார்கள். உட்பக்கம் துருத்துவதை, வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே கேமரா குழாய் விட்டுச் சீவி எடுப்பார்கள். கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைத்து அதை வாடவைக்கும் முறையும் பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. இவையெல்லாம் சரிவராதபோது, அல்லது அந்தப் பெண்ணே எல்லாம் தெரிந்து விரும்பும்போது கர்ப்பப்பையை எடுப்பது நியாயம். எடுக்கும் முன் ரத்தத்தை ஏற்றிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இந்த நியாயத்தை மீறி நாடு முழுக்க எத்தனையோ பெண்களுக்கு முப்பது சொச்சம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்ததால்தான், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. சினைப்பையையும் சேர்த்துச் சின்ன வயதில் எடுத்துவிட்டால் எலும்பு தேயும், இதய நோய்க்கு வாய்ப்பு கூடும். சுமை தூக்கிப் பிழைக்கிற மலைப் பெண்ணுக்கு எலும்புதான் சோறு.

அடுத்தது உள்சவ்வு. இதில் வரும் புற்றுநோயைப் பற்றி ஒரே ஒரு விஷயம் நினைவில் இருந்தால் போதும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது சாதாரணம் இல்லை. 'உஷ்ணம்', 'திரும்ப வயசுக்கு வந்த மாதிரி' என்றெல்லாம் சொல்லித் தள்ளிப்போடுகிறார்கள். பெரும்பாலும் பயப்படும்படி இருக்காது என்பதும் உண்மைதான், ஆனால் பார்த்துத்தான் சொல்ல முடியும். கீழ்வழி ஸ்கேனில் சவ்வின் கனத்தை அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் புற்றுநோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. அதைவிடத் தடித்திருந்தாலோ, மறுபடி மறுபடி பட்டாலோ, ஒரு மெல்லிய குழாயால் உறிஞ்சி சதை டெஸ்டுக்கு அனுப்புவார்கள். உடல் பருமனும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருகிறது. சீக்கிரமே ரத்தம் காட்டிக்கொடுத்துவிடுவதால் பெரும்பாலும் தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம். கர்ப்பப்பையையும் இரு சினைப்பைகளையும் எடுக்கும் அறுவையே பலருக்கு முழுச் சிகிச்சையாகிவிடும். துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியும் இதற்குப் பொருந்தும்.

இப்போது கர்ப்பப்பை வாய்க்கு வருகிறேன். மனசு அதிகம் நிற்பது இங்கேதான்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். இதை நிறுவிய ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதில் 16, 18 என்ற இரண்டு வகைகளே பத்தில் ஏழு பேருக்குப் புற்றைக் கொண்டுவருகின்றன. உடலுறவு வழியாகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றும், பெரும்பாலோருக்குத் தானாகப் போய்விடும். இதில் ஒழுக்கம், குற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சிலருக்கு மட்டும் தங்கிவிட்டு, 15, 20 வருடம் மெல்ல மெல்ல வாயின் மேல்தோலை மாற்றிப் புற்றாக்கும். அத்தனை வருடம் அவகாசம் தருகிற புற்றுநோய்கள் குறைவு. அந்த அவகாசத்தில் அவ்வப்போது எட்டிப் பார்த்தால் போதும்.

எட்டிப் பார்ப்பதும் பெரிய வித்தை இல்லை. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை 3 முதல் 5 சதவீதக் கரைசலாக்கிப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் ஒற்றுவோம். ஒரு நிமிடம் காத்திருந்தால், கெட ஆரம்பித்த இடம் மட்டும் வெள்ளையாகத் திட்டுக் கட்டும். நல்ல இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். நம் திண்டுக்கல் மாவட்டப் பெண்கள் இதில் உலகத்துக்கே ஒரு பாடம் சொல்லியிருக்கிறார்கள். 2000-ல் தொடங்கி, அம்பிலிக்கை கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமூக சுகாதார மையமும் சென்னை புற்றுநோய் நிலையமும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையோடு சேர்ந்து இந்த மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடத்தின. 30 முதல் 59 வயது வரையுள்ள 49,000-க்கும் மேற்பட்ட பெண்களை இந்தச் சோதனைக்கு அழைத்தார்கள். 31,000 பேருக்கு மேல் வந்தார்கள். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது: சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிடப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைவு. ஒரு பஞ்சும் கொஞ்சம் கரைசலும் ஒரு நர்சின் கண்ணும் உயிரைக் காக்கும் என்பதை நிரூபித்தவர்கள் ஒட்டன்சத்திரம் பக்கமும் திண்டுக்கல் பக்கமும் இருக்கும் கூலிக்காரப் பெண்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

வெள்ளைத் திட்டு தெரிந்தால் புற்று என்று அர்த்தம் இல்லை. கால்போஸ்கோப் என்ற பூதக்கண்ணாடிக் கருவியில் மறுபடி பார்த்து, சந்தேகமான இடத்தில் மிளகளவு கிள்ளி சதை டெஸ்டுக்கு அனுப்புவார்கள். புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலை என்றால், உறையவைத்தோ சூடுவைத்தோ அந்தத் தோலை மட்டும் அழிக்கலாம். மின்கம்பி வளையத்தால் சீவியும் எடுக்கலாம். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். கர்ப்பப்பை அப்படியே இருக்கும், பிள்ளையும் பெறலாம்.

புற்றாகவே மாறிவிட்டதென்றால் கணக்கு வேறு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கட்டி வாயோடு நிற்கும் தொடக்க நிலையில் அறுவை செய்வார்கள். சாதாரணமாகக் கர்ப்பப்பையை எடுப்பது போன்றதல்ல அது. மிகச் சிறிய புற்றாக இருந்தால் தவிர, வாயைச் சுற்றியுள்ள பக்கத் திசு, பிறப்புறுப்பின் மேல் பகுதி, இடுப்புக்குள் இருக்கும் நெறிக்கட்டிகள் (நிணநீர் முடிச்சுகள்) என எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் பெரிய அறுவை அது. சிறுநீர்க்குழாய்கள் அந்தத் திசுவின் ஊடாகத்தான் போகின்றன. அவற்றைக் காயப்படுத்தாமல் பிரித்தெடுக்கத் தனிப் பயிற்சி வேண்டும். இந்த அறுவையைத் துளை போட்டுச் செய்தால் நோய் திரும்புவது அதிகம் என்று 2018-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதன்பின் பெரும்பாலும் வயிற்றைத் திறந்தே செய்கிறார்கள்.

புற்று வாயைத் தாண்டிப் பக்கத் திசுவுக்குப் பரவியிருந்தால் அறுவையே கூடாது. கரண்ட் வைப்பது என்று நாம் சொல்லும் கதிர்வீச்சும் கூடவே வாரம் ஒருமுறை கீமோ மருந்தும்தான் சிகிச்சை. வெளியிலிருந்து ஐந்து வாரம் போலக் கதிர்வீச்சு கொடுத்தபின், கர்ப்பப்பையின் உள்ளேயே ஒரு மெல்லிய குழாயை நிறுத்தி, அதன்வழியாகக் கதிர்வீச்சுப் பொருளைக் கட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைப்பார்கள். மிச்சமிருக்கும் நோயைச் சாகடிப்பது அந்த உள்கதிர்தான். யோசித்துப் பாருங்கள்: கர்ப்பப்பையை ஏற்கெனவே எடுத்துவிட்டால் அந்தக் குழாயை எதற்குள் நிறுத்துவது?

பல வருடத்துக்கு முன் கே.சி. பட்டி பக்கம் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. வெள்ளைப்படுகிறது, ரத்தம் படுகிறது என்று கீழ்நாட்டில் ஒரு மருத்துவமனைக்குப் போனார். கருவி வைத்துப் பார்க்கவில்லை, கர்ப்பப்பை வாயில் தேய்த்தெடுத்த செல்களைச் சோதிக்கும் பாப் டெஸ்ட் இல்லை, நேராகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எடுத்ததை ட்ரேயில் வைத்து வீட்டுக்காரரிடம் காட்டினார்கள். அவரும் பார்த்துத் தலையாட்டினார். லேப்புக்கு அது போகவே இல்லை. எட்டாவது மாதம் மறுபடி ரத்தம். மதுரையில் பார்த்தபோது, வாயில் முன்னமே இருந்த புற்றை நடுவில் வெட்டிவிட்டு வந்திருப்பது தெரிந்தது. அதன்பின் என்ன செய்தும் கைகூடவில்லை. கடைசி மூன்று மாதம் நான்தான் வாரம் இருமுறை போய்ப் புண்ணைச் சுத்தம் செய்து வந்தேன். இரண்டு பிள்ளைகளில் சின்னவன் அப்போது நான்காம் வகுப்பு.

அந்தப் பெண் ஞாபகத்தில்தான் பூம்பாறைக்காரரை அன்றைக்கே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கர்ப்பப்பை வாயில் பூக்கோசு மாதிரிச் சதை வளர்ந்திருந்தது, தொட்டதும் ரத்தம். சதை டெஸ்டில் புற்று உறுதியானது. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது பக்கத் திசுவுக்கு வந்துவிட்டது தெரிந்தது. மதுரையில் தங்கி கரண்டும் கீமோவும் எடுத்து முடித்தார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில். அந்த நார்க்கட்டி? அதை யாரும் தொடவில்லை.

சினைப்பைக் கதை இதற்கு நேர்மாறு. வாயைக் கண்ணால் பார்க்கலாம், கிள்ளிச் சோதிக்கலாம். சினைப்பையோ வயிற்றுக்குள் ஆழத்தில் இருக்கிறது. சந்தேகக் கட்டியை ஊசியால் குத்திச் சோதிப்பதும் பொதுவாகக் கூடாது. பைக்குள் அடைந்திருக்கும் கெட்ட செல்கள் குத்திய ஓட்டை வழியாக வயிறெங்கும் சிந்திவிடும்.

இளவயதில் வரும் நீர்க்கட்டி பெரும்பாலும் மாதாமாதம் கருமுட்டை வளரும் பை உடையாமல் தங்கிப்போனதுதான். இரண்டு மூன்று மாதவிடாய்க்குள் தானாக வற்றும். டாக்டர் 'மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன்' என்று அனுப்பினால் அலட்சியம் என்று கோபப்படாதீர்கள், அதுதான் சரியான வைத்தியம். டெர்மாய்டு என்று ஒன்று உண்டு. அதைத் திறந்தால் உள்ளே முடி, கொழுப்பு, சிலசமயம் பல்கூட இருக்கும். செய்வினை என்று ஒரு குடும்பமே நடுங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன். எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய கருமுட்டைச் செல் தானாக வளரத் தொடங்கியதால் வருவது அது. வேறொன்றுமில்லை. பெரும்பாலும் கெட்டதும் இல்லை. பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி இன்னொரு வகை. இளம்பெண்களுக்கு இவற்றில் கட்டியை மட்டும் உரித்தெடுத்துச் சினைப்பையைக் காப்பாற்றலாம். ஒரே ஒரு அவசரம் உண்டு. கட்டியின் கனத்தில் சினைப்பை தன் காம்பிலேயே முறுக்கிக்கொண்டால் திடீரென்று உயிர் போகிற வலியும் வாந்தியும் வரும். சில மணி நேரத்திலேயே சினைப்பை செத்துப்போகும். சூட்டுவலி என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மலையில் இறங்கவே இரண்டு மணி நேரம் ஆகும்.

கெட்ட சினைப்பைக் கட்டி சத்தமில்லாமல் வளரும். வயிறு உப்பல், இரண்டு கவளத்தில் வயிறு நிறைதல், அடிக்கடி சிறுநீர். இவை புதிதாகத் தொடங்கி நாள்தவறாமல் இரண்டு மூன்று வாரம் நீடித்தால், ஐம்பதைத் தாண்டியவர்கள் கேஸ் மாத்திரையோடு நிறுத்தாமல் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும். மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர் என்றால் பெரும்பாலும் நல்லது. உள்ளே தடுப்புகள், சதைத் திரட்சி, வயிற்றில் நீர் என்றால் சந்தேகம். சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். 35-க்குள் இருப்பது இயல்பு. ஆனால் இது ஏறியதுமே புற்று என்று அழுதுவிடக் கூடாது. நார்க்கட்டி, சாக்லேட் கட்டி, ஏன் மாதவிடாய் நாளில்கூட ஏறும். நம் நாட்டில் வயிற்றுக் காசநோய் இதை நூற்றுக்கணக்கில் ஏற்றும், வயிற்றில் நீரும் சேர்க்கும். புற்று என்று நினைத்து வயிற்றைத் திறந்தபின் காசநோய் என்று தெரிந்தவர்களும் உண்டு. ஸ்கேன், வயது, ரத்தப் பரிசோதனை மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சந்தேகக் கட்டியைப் பிளக்காமல் முழுதாக எடுத்து, மயக்கத்தில் இருக்கும்போதே லேப்புக்கு அனுப்பி உறையவைத்துச் சீவிப் பார்க்கும் வசதி பெரிய மருத்துவமனைகளில் உண்டு. அரைமணியில் பதில் வரும். நல்லதென்றால் அதோடு மூடிவிடுவார்கள். கெட்டதென்றால் கர்ப்பப்பை, மறுபக்கச் சினைப்பை, குடலுக்கு முன் திரைபோலத் தொங்கும் கொழுப்பு, தேவைப்பட்டால் நெறிக்கட்டிகள் என்று தொடர்வார்கள். கண்ணுக்குத் தெரியும் கட்டி ஒன்றுகூட மிச்சமில்லாமல் எடுப்பதுதான் குறி. மிச்சம் குறையக் குறைய ஆயுள் கூடும். முதலிலேயே அப்படி எடுக்க முடியாத அளவு பரவியிருந்தால், மூன்று தவணை கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அறுவை, பிறகு மிச்ச கீமோ. அதனால்தான் இந்த அறுவையைப் புற்றுநோய் அறுவையில் பழகிய கையிடம் போய்ச் செய்துகொள்ளச் சொல்கிறோம்.

சினைப்பைக் கட்டியை எடுத்த முதல் வெற்றிகரமான அறுவை 1809-ல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நடந்தது. ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற அந்த அம்மா, கட்டியைச் சேணத்தின்மேல் தாங்கிக்கொண்டு நூறு கிலோமீட்டர் அளவுக்குக் குதிரையில் டாக்டர் மெக்டவல் வீட்டுக்கு வந்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். பத்துக் கிலோ கட்டி. அதன்பின் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். வெள்ளகவியிலிருந்து டோலி கட்டி நோயாளிகளைச் சுமந்து வந்த நாட்களில் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

அறுவை முடிந்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எடுத்த உறுப்பை ஃபார்மலின் டப்பாவில் போட்டு லேப்புக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். ட்ரேயில் காட்டுவது கணக்கில் சேராது. பத்துப் பதினைந்து நாளில் வரும் அந்தச் சதை டெஸ்ட் ரிப்போர்ட்தான் உங்களுக்கு இருந்தது என்ன என்பதைக் கடைசியாகச் சொல்லும். தையல் பிரிக்கப் போகும்போது அதையும் வாங்கி, டாக்டரிடம் காட்டி, அசலைப் பத்திரமாக வையுங்கள். நகலை லேமினேட் செய்து வையுங்கள், மலைக் குளிரில் காகிதம் ஈரம் கோத்து எழுத்து அழிந்துவிடும்.

ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது, விறகுக் கட்டு கூடாது, பூண்டு மூட்டை கூடவே கூடாது. மெதுவாக நடக்கலாம், நடக்கவும் வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். காய்ச்சல், வயிற்று உப்பல், கால் ஒருபக்கம் வீக்கம், சிறுநீர் தானாகக் கசிவது, இதில் எது வந்தாலும் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே இறங்கிப் போங்கள். பூம்பாறைக்காரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறார். வருகிற செவ்வாய்க்கிழமை தன் நாத்தனாரையும் எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் கர்ப்பப்பை வாய் பரிசோதனைக்குக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.